இடி விழுந்த செய்தியோடு ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையை எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் படிக்கிறவன் நான். மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு வரி விடமாட்டேன். சித்திரை, ஐப்பசி மாதங்கள் வந்தால் அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் தவறாமல் ஒரு செய்தி வரும். 'மின்னல் தாக்கி விவசாயி பலி', 'இடி விழுந்து ஆடுகள் பலி', 'வயலில் வேலை செய்த பெண் மின்னல் தாக்கிப் பலி'. நாலு வரி, மிஞ்சினால் ஆறு வரி. பெயர், வயது, எந்தக் காவல் நிலைய எல்லை, உடல் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனது, கடைசியில் 'போலீசார் விசாரித்து வருகின்றனர்'. மின்னலைப் பிடித்து என்ன விசாரிப்பார்கள் என்று யாராவது ஒருவர் சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள், அப்புறம் பக்கம் புரண்டுவிடும்.

சிரிப்பு இருக்கட்டும். அந்த ஆள் செத்தபோது எங்கே நின்றார், மரத்தடியிலா, வெட்ட வெளியிலா, மோட்டார் கொட்டகையிலா, கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள், இடி முழக்கம் எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு வரிகூட உங்கள் செய்தியில் இருப்பதில்லை. பைக் விபத்து என்றால் ஹெல்மெட் போடவில்லை என்று எழுதுகிறீர்கள். கிணற்றில் மூழ்கிய பையன் என்றால் நீச்சல் தெரியாது என்று எழுதுகிறீர்கள். மின்னல் சாவுக்கு மட்டும் காரணமே கிடையாது, விதி முடிந்தது என்பதுபோல ஒரு நாலு வரி. என் வருத்தம் அதுதான். இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய சாவு, அதை விதிக் கணக்கில் எழுதாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் விபத்துச் சாவுக் கணக்கு வெளியிடுகிறது. 2022-ல் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் செத்தவர்கள் 8,060 பேர். அதில் மின்னலால் மட்டும் 2,887 பேர். வெள்ளம், வெயில், குளிர், புயல், நிலச்சரிவு எல்லாம் மிச்சத்தில்தான் அடக்கம். அதற்கு முந்தைய வருடம் 2,880, அதற்கும் முந்தைய வருடம் 2,862. பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே எண். புயல் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் ஏமாற்றும், இது அப்படியில்லை. ஆனால் புயல் என்றால் பெயர் வைத்து, படம் போட்டு, முதல் பக்கத்தில் நாலு நாள் ஓட்டுகிறீர்கள். மின்னல் ஊருக்கு ஒருவர் இருவராக எடுப்பதால் மொத்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. எப்போதாவது ஒரே நாளில் கூட்டமாக எடுத்தால்தான் பேச்சே வருகிறது. 2020 ஜூனில் பீகாரில் ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு எதிரே கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் 11 பேர். எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரில், வேப்பூருக்கு அருகே கழுதூரில் 2025 அக்டோபரில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் போனார்கள். அப்போது எல்லோரும் பேசினோம். ஒரு வாரம்.

நானும் மக்காச்சோளம் போடுகிறவன்தான், அதனால் அந்தக் காட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஐப்பசியில் களை எடுப்பும் உரம் வைப்பும் ஒன்றாக நெருக்கும். ஆள் கிடைப்பதே கஷ்டம். பக்கத்து ஊரிலிருந்து குட்டி யானை வண்டியில் பெண்களைக் கூட்டி வருவார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தூக்குச்சட்டியைக் கழுவி வைக்கும் நேரத்துக்கு மேற்கே கருக்கல் கட்டும். முதல் இடி எங்கோ தூரத்தில் உருளும். யாரும் நிமிரமாட்டார்கள். இன்னும் ரெண்டு பாத்தி இருக்கிறது, முடித்துவிட்டால் முழுக் கூலி, விட்டுவிட்டுப் போனால் காட்டுக்காரர் அரை நாள் என்று சொல்லிவிடுவாரோ என்று கணக்கு. காட்டுக்காரருக்கு நாளைக்கு இந்த ஆட்கள் கிடைப்பார்களோ மாட்டார்களோ என்று கணக்கு. தூறல் விழுந்தவுடன் யூரியா சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேலை. மழை பிடித்து அடித்தால்தான் எழுந்து ஓடுவார்கள். எங்கே ஓடுவார்கள்? அரைக் கிலோமீட்டருக்கு வீடு கிடையாது. வரப்பில் ஒரு வேப்பமரம், இல்லையென்றால் ஏரிக்கரையில் புளியமரம். எல்லோரும் அடிமரத்தை ஒட்டி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். மழைக்குத்தான் அவர்கள் ஒதுங்குகிறார்கள், மின்னலுக்கு இல்லை. நனைந்தால் காய்ச்சல் வரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, மரத்தடியில் நின்றால் உயிர் போகும் என்பதை யாரும் மனதில் பதியும்படி சொன்னதில்லை.

மரத்தில் விழுகிற மின்னல் மரத்தோடு நின்றுவிடாது. மனித உடம்பு மரத்தைவிட நன்றாகக் கரண்ட் கடத்தும், அதனால் ஒரு பகுதி மரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவிவிடும். மிச்சம் வேர் வழியாக இறங்கித் தரையில் நாலா பக்கமும் பரவும். கிட்டத்தில் மின்னழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒரு கால் கிட்டத்திலும் இன்னொரு கால் சற்றுத் தள்ளியும் இருந்தால் அந்த வித்தியாசமே ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். மனிதன் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் இது குறையும். மாட்டால் அது முடியாது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நாலைந்து அடி, அந்த நடுவில்தான் இதயம். மரத்தடியில் மேய்த்துக்கொண்டிருந்தவர் பிழைத்து, ஆடு மாடெல்லாம் வரிசையாகச் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். சாமி மனிதனை விட்டுவிட்டு மாட்டை எடுத்துக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள்.

சாமி என்றதும் இன்னொன்று. 'உன் தலையில இடி விழ' என்று சாபம் கொடுத்தே பழகிய ஊர்கள் நம்முடையவை. அதனால் ஒருவர் தலையில் நிஜமாகவே விழுந்துவிட்டால், அவர் என்ன பாவம் செய்தாரோ என்று துக்க வீட்டுத் திண்ணையிலேயே பேச்சு எழும்பும். தாலி அறுத்தவளுக்கு அது இன்னொரு அடி. உங்கள் செய்தியில் 'மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது' என்று மூன்று வார்த்தை இருந்தால் இந்தப் பேச்சுக்குக் கொஞ்சமாவது வாய் அடைக்கும் என்று நினைக்கிறேன். இடி இடித்தால் 'அர்ஜுனா அர்ஜுனா' என்று சொல்லச் சொல்லிக் கொடுத்த பாட்டிமார்களை நான் குறை சொல்லவில்லை, சொல்லுங்கள், ஆனால் வீட்டுக்குள் போய்ச் சொல்லுங்கள்.

இப்போது வாட்ஸாப்பில் வேறு ஒரு கதை சுற்றுகிறது. பனைமரம் இடியைத் தாங்கும், அதனால் பனை நடுங்கள் என்று. பனை நடுவது நல்ல காரியம், நம் மாநில மரம், நானும் கொட்டை போட்டிருக்கிறேன். உயரமாக நிற்பதால் சுற்றியிருப்பதைவிட அது முதலில் வாங்கும் என்பதும் சரிதான். ஒடிசா அரசு இதற்காகவே பனை நடும் திட்டம் போட்டது. வங்கதேசம் 2016-ல் மின்னலைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்துப் பத்து லட்சம் பனை நடப்போவதாகச் சொன்னது, கன்று பராமரிப்பு இல்லாமல் அந்தத் திட்டம் பாதியில் நின்றது. நட்ட பனை ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், அதுவரை என்ன செய்வது என்பது ஒரு பக்கம். எனக்குப் பயம் அது இல்லை. பனை இடியைத் தாங்கும் என்று படித்தவன் இடி இடிக்கும்போது பனைக்கு அடியில் போய் நின்றால்? அது வாங்கும் மரம், வாங்கும் மரத்துக்கு அடியில் நிற்பதைப்போல ஆபத்து வேறு இல்லை. பரப்புகிறவர்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்துப் பரப்பினால் புண்ணியமாகப் போகும்.

எச்சரிக்கையே வருவதில்லை என்று சொல்லமாட்டேன். வருகிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் அடிக்கிறதா என்று காட்டும், இலவசம்தான். சென்னை வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாவட்டப் பெயர்களைச் சொல்லி 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்ய வாய்ப்பு' என்கிறது. அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். அந்த ஓரிரு இடம் என் காடா, பக்கத்து ஊர்க் காடா என்று மூன்று மணி நேரம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது என்பதும் புரிகிறது. பிரச்சினை அதற்குக் கீழே. காட்டில் களை எடுக்கும் பெண்ணிடம் இருப்பது பட்டன் போன். அதுவும் வண்டியில் பையோடு தொங்கும், இல்லையென்றால் வீட்டில் பேரனிடம் இருக்கும். 2023-ல் ஒருநாள் செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியதே, பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எங்கள் காட்டில் அலறியது என் போன் மட்டும்தான். கூலிக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சம்.

ஆக, செய்தி தாலுகா வரைக்கும், டீக்கடை வரைக்கும் வந்துவிடுகிறது, காட்டுக்குள் மட்டும் இறங்குவதில்லை. அதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் மாரியம்மன் கோயிலில் மைக் செட் இருக்கிறது, மார்கழி முழுக்க விடியற்காலை நாலரை மணிக்கு மூன்று ஊருக்குக் கேட்கும்படி பாட்டுப் போடுகிறோம். பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் இருக்கிறது. தண்டோராவை 2022-ல் அரசு நிறுத்தச் சொன்னபோது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றுதான் உத்தரவு போட்டார்கள். ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர் ஒருவர் எப்படியும் சுற்றிக்கொண்டே இருக்கிறார், அவர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் வந்துவிட்டது என்று தாமினி காட்டினால் அவர் ஓடிப்போய் மைக்கில் 'காட்டுல இருக்கவங்க எல்லாம் வீட்டுக்கு வாங்க' என்று ரெண்டு தரம் சொன்னால் போதும். மழைக்கு முன் கரண்ட் போய்விடும் என்பது உண்மைதான், அதற்கு ஒரு பேட்டரி ஆம்ப்ளிஃபையர் வாங்குவது ஊராட்சிக்குப் பெரிய செலவா? நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் பணித்தளப் பொறுப்பாளருக்கு, இடி கேட்டவுடன் வேலையை நிறுத்தலாம், அதற்காக யாருடைய வருகைப் பதிவும் குறைக்கப்படாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காட்டுக்காரர்களான நாங்களும் இடிக்காக எழுந்து போனால் கூலியைப் பிடிப்பதில்லை என்று முடிவு செய்ய வேண்டும், அதற்கு அரசாங்க உத்தரவுகூடத் தேவையில்லை.

ஒதுங்குவதற்கு இடம் இல்லாத காட்டில் எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தகரக் கொட்டகை, மூன்று பக்கம் திறந்த உலர்களம், மோட்டார் கொட்டகை எதுவுமே பாதுகாப்பில்லை. மோட்டார் கொட்டகை இன்னும் மோசம், ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்துக்கொண்டே நிற்பார்கள். ஆட்களைக் கூட்டி வந்த குட்டி யானையின் பின்பக்கம் உதவாது, ஆனால் கண்ணாடி ஏற்றிய டிரைவர் கேபின், மேற்கூரை இரும்பாக உள்ள கார், வேன், பஸ் எல்லாம் நல்ல இடம். பைக்கும் டிராக்டரும் கூடாது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் மரத்தையும் கம்பி வேலியையும் தண்ணீரையும் விட்டு விலகி, ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி, காலைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்கார வேண்டும். படுக்கக் கூடாது. கூட்டமாக நிற்பதுதான் நாலு பேரை ஒன்றாக எடுக்கிறது. எங்கள் பக்கம் மாதிரி நீளமான மானாவாரிக் காடுகளில் ரெண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று என இடிதாங்கி வைத்த சின்னக் கான்கிரீட் அறை கட்டலாம், பஸ் வராத ஊரில் நிழற்குடை கட்டத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா என்ன. இடிதாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதன் செம்புப் பட்டை திருடுபோகாமல் பார்க்கவும் வேண்டும். செம்பு விலை எல்லோருக்கும் தெரியும்.

எப்போது கிளம்புவது என்பதற்கும் பெரிய படிப்பு வேண்டாம். மின்னல் வெட்டியதிலிருந்து எண்ண ஆரம்பித்து, மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எழுந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். இந்த அரை மணி நேரம்தான் நம் ஆட்களுக்கு வராத பொறுமை, மழை விட்டதும் ஓடுவார்கள். தலைக்கு மேல் மழை இருந்தால்தான் மின்னல் விழும் என்பதில்லை, மேகம் கூடிய இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கிற இடத்திலும் விழும்.

விழுந்தவரைத் தொடப் பயப்படுவது இன்னொரு கொடுமை. உடம்பில் கரண்ட் இருக்கும், தொட்டால் நம்மையும் இழுக்கும் என்று எட்டி நிற்பார்கள். ஒன்றும் இருக்காது, உடனே தொடலாம். மின்னலில் விழுபவர்களில் பலருக்கு இதயமும் மூச்சும்தான் நின்றிருக்கும், வேறு காயம் பெரிதாக இருக்காது. 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் கை வைத்து நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் வேகமாக அழுத்திக்கொண்டே இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பலர் ஒன்றாக விழுந்திருந்தால் முனகுகிறவரை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்ற விபத்துகளில் டாக்டர்கள் செய்வதற்கு நேர் எதிர் இது. கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதலுதவிப் பயிற்சியை ஊருக்குள்ளும் கொண்டுவந்தால் தேவலை.

நிவாரணம் பற்றி ஒரு வார்த்தை, இதையும் உங்கள் பத்திரிகை எழுதினால் பலருக்கு உபகாரம். பேரிடர் நிவாரண நிதியின் 2022 விதிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. மனிதர் என்றாலும் மாடு என்றாலும் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் கோப்பு நகராது. எங்களுக்குப் பக்கத்து ஊரில் ஆட்டுக்காரர் ஒருவர் ராத்திரி நாற்றமெடுக்குமே என்று ஆடுகளை உடனே புதைத்துவிட்டு, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடிப்போனார். ஆடு எங்கே என்றார்கள். அவர் போனில் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். கிடை ஆடு ஒன்றின் சந்தை விலை 4,000-க்கு எவ்வளவோ மேல் என்பது வேறு விஷயம், அந்த நாலாயிரமும் இல்லை அவருக்கு. முதலில் வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல், அவர்கள் வரும்வரை புதைக்காதே, படம் எடு என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்.

கோபுரத்துக்குப் பின்னால் கிளை கிளையாக மின்னல் வெட்டும் படத்தை முதல் பக்கத்தில் வண்ணத்தில் போடுகிறீர்கள். அழகான படம்தான், எடுத்தவரைப் பாராட்டவும் செய்கிறேன், அவர் மொட்டை மாடியில் நின்று எடுக்கவில்லை என்று நம்புகிறேன். ராசிபலனுக்கு அரைப் பக்கம் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் இந்த வருடம் எத்தனை மரக்கால் மழை என்றுகூடப் போடுகிறீர்கள். இதற்கு ஓர் உள்ளங்கை அளவு பெட்டி போதும். மரத்தடியில் நிற்காதே, முப்பது எண்ணு, அரை மணி பொறு, விழுந்தவரைத் தொடு, 108. மின்னல் சாவு பற்றிய ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே அது வர வேண்டும். படிக்கிறவர்கள் அன்றைக்குத்தான் அதைப் படிப்பார்கள், வேறு நாளில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உங்கள் நிருபர்களிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள்: விழுந்தபோது எங்கே நின்றார்?

போடுவதாக இருந்தால் பங்குனிக்குள் போட ஆரம்பியுங்கள். எங்கள் பக்கம் கோடை இடி சித்திரை பிறக்கும்வரை காத்திருப்பதில்லை.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.